வாடகை வீட்டு வெந்நீரும் நம் பொறுப்பும்

வாடகையில் மின்சாரமும் தண்ணீரும் அடக்கம் என்று பேசி ஓர் அறையை எடுத்த மனிதர், குளியலறையில் இருக்கும் ஹீட்டரை எவ்வளவு நேரம் ஓடவிட்டால் நியாயம்? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். வெந்நீருக்கும் தர்ம நியாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கவும் கூடும். ஆனால் நம் வியாபாரிகளில் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களும் உண்டு, வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் உண்டு, கடைப் பணியாளர்களை ஒரே வீட்டில் தங்க வைத்து அதற்கான பில்லைத் தாமே கட்டுகிறவர்களும் உண்டு. இந்த மூவருக்குள்ளும் மாதா மாதம் முணுமுணுப்பை உண்டாக்கும் விஷயங்களில் இந்த வெந்நீர் முன்வரிசையில் நிற்கிறது. ஆகையால் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வதில் தவறில்லை.

சிங்கப்பூரில் இன்னமும் நம்மவர்கள் "பி.யு.பி. பில்" என்றே சொல்லி வருகிறோம். 1963-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பொதுப் பயனீட்டுக் கழகம் அந்நாளில் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் ஒரே கையால் வழங்கி வந்தது. 1995-இல் மின்சாரமும் எரிவாயுவும் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. அந்தப் பில் யார் பெயருக்கு வருகிறதோ அவரே ஹீட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறார். மற்றவர்களுக்கு அக்கவலை இல்லை. வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

"வாடகை கொடுக்கிறேன், அதில் மின்சாரமும் சேர்த்தி, நான் எவ்வளவு உபயோகித்தால் உனக்கென்ன?" என்பது குடியிருப்பவரின் வாதம். வாதம் என்ற அளவில் இது முழுவதும் பொய்யன்று. பேரம் பேசும்போது வீட்டுக்காரர் ஒரு தொகையை மனத்தில் கணக்கிட்டுத்தானே வாடகையைச் சொல்லியிருப்பார்? அந்தத் தொகைக்குள் புழங்க அறைக்காரருக்கு உரிமையுண்டு. ஆயினும் எல்லையில்லாத உரிமை என்று ஒன்று பேரத்தில் பேசப்படவே இல்லை. நம் சாப்பாட்டுக் கடைகளை எண்ணிப் பாருங்கள். வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஒரு விலை. சோறும் குழம்பும் கேட்கக் கேட்கப் பரிமாறப்படும். வயிறார உண்பவரைப் பார்த்து எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் நான்கு முறை வாங்கி இலையிலேயே கொட்டிவிட்டு எழுந்து போகிறவரைப் பார்த்தால் அவர் மனம் சுடுகிறது. இருவரும் கொடுத்தது ஒரே காசு. முன்னவர் விலை பேசப்பட்ட நோக்கத்துக்குள் நின்றார். பின்னவர் நோக்கத்தை மீறினார். பேரம் என்பது வாயால் சொன்ன வார்த்தை மட்டுமன்று. இருதரப்பும் சொல்லாமலே புரிந்துகொண்ட அளவும் அதில் அடங்கும். வியாபாரிகளுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பேரீச்சம்பழத்தை ருசி பார்க்க ஒன்றை எடுப்பவரையும், ருசி பார்க்கிறேன் என்று பையை நிரப்புகிறவரையும் அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள்.

அந்த அளவு எது என்று தெரிய வேண்டுமானால் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அளவே தெரியாதவரிடம் அளவாக இரு என்று சொல்வதில் பயனில்லை.

நம் வீடுகளில் இருவகை ஹீட்டர்கள் காணப்படுகின்றன. ஒன்று சுவரில் மாட்டிய சிறு பெட்டி. தண்ணீர் ஓடும்போதே அதைச் சூடாக்கி விடும், சேமித்து வைப்பதில்லை. இவை பெரும்பாலும் 3.3 கிலோவாட் அளவில் இருக்கும். நிமிடத்துக்கு நாலு லிட்டர் அளவு தண்ணீரை 28 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்த அந்தச் சக்தி போதும். இன்னொன்று தொட்டி உள்ளது. 15 லிட்டர், 25 லிட்டர் என்று பல அளவுகளில் வரும். உள்ளே ஒரு சூட்டுக்கம்பி, குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு கருவி, வெளியே ஒரு சிறு விளக்கு. விளக்கு அணைந்தால் நீர் தயார் என்று அர்த்தம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாட்-மணி தேவை. எந்தக் கம்பெனி ஹீட்டரும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஆகவே 25 லிட்டர் தொட்டியை 28-லிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.93 யூனிட் செலவாகும். அண்மைய ஆண்டுகளில் சிங்கப்பூரில் யூனிட் சுமார் 30 காசு என்று வைத்தால், ஒரு தொட்டி வெந்நீரின் விலை 28 காசு. 3 கிலோவாட் கம்பியானால் இதற்குப் பத்தொன்பது நிமிடம் பிடிக்கும். 15 லிட்டர் தொட்டிக்குப் பதினொரு நிமிடமே போதும். குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிப்பார்களாக.

"அணைத்து அணைத்துப் போடுவதைவிட நாள் முழுவதும் போட்டே வைத்தால் செலவு குறைவு" என்றொரு நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. இது தவறு. தொட்டிச் சூடு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாகக் கசியும். அடியில் ஓட்டையுள்ள எண்ணெய்த் தகரத்தை நிரப்பி நிரப்பி வைத்தால் ஒழுக்கு குறையுமா, கூடுமா? அப்படித்தான் இதுவும். உங்கள் வீட்டுப் பெட்டி எவ்வளவு ஒழுக்குகிறது என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். இரவு விளக்கு அணையும்வரை சூடாக்கி, சுவிட்சை அணைத்துவிடுங்கள். வெந்நீரை யாரும் தொட வேண்டாம். காலையில் மறுபடி சுவிட்சைப் போட்டு, விளக்கு அணைய எத்தனை நிமிடம் ஆகிறதென்று கடிகாரத்தைப் பாருங்கள். 3 கிலோவாட் கம்பிக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒன்றரைக் காசு. அந்த இரவில் யாருக்கும் பயன்படாமல் போன பணம் அதுவே. போட்டே வைத்திருந்தால் இதைவிடச் சற்று அதிகமே போயிருக்கும். ஓடும்போதே சூடாக்கும் பெட்டிக்கு இந்த இழப்புக் கிடையாது. அதில் விரயமெல்லாம் நாம் பூவாளியின் கீழ் நிற்கும் நேரத்தில்தான்.

அந்த நேரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து நிமிடம் குளித்தால் சுமார் 8 காசு மின்சாரம். இருபது நிமிடம் நின்றால் 33 காசு. வித்தியாசம் கால் வெள்ளிதானே என்று தோன்றும். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 22 முதல் நான்கறை வீவக வீடுகளிலும் அதைவிடப் பெரியவற்றிலும் உறவில்லாத எட்டுப் பேர் வரை தங்க இடம் தரப்பட்டது. அப்படியொரு வீட்டில் எட்டுப் பேரும் தினம் பதினைந்து நிமிடம் அதிகம் நின்றால் மாதத்துக்கு 60 வெள்ளி ஆகிறது. இதோடு முடியவில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆளுக்கு 60 லிட்டர் தண்ணீர் ஓடியிருக்கும். எட்டுப் பேருக்கு மாதம் 14 கன மீட்டருக்கு மேல். 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தண்ணீர், முதல் 40 கன மீட்டருக்குள் இருந்தாலும், கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. ஆகத் தண்ணீர்க் கணக்கிலும் 45 வெள்ளிக்குக் குறையாது. மின்சாரத்தைப் பற்றியே சண்டை போடுகிறவர்கள் பில்லின் அடுத்த வரியைப் பார்ப்பதில்லை. மாதம் நூறு வெள்ளிக்கு மேல் வீட்டுக்காரர் கையிலிருந்து போகிறதென்றால், அவர் முகம் கடுப்பதை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியுமா?

ஆனால் பணத்தை மட்டும் பேசினால் விஷயத்தின் பாதியைத்தான் பேசியதாகும். வீட்டுக்காரர் பெரும் செல்வர், நூறு வெள்ளி அவருக்குத் தூசு என்றே வைத்துக்கொள்வோம். அப்போது விரயம் குற்றமாகாதா? "யாருக்கும் நஷ்டமில்லையே" என்ற இந்த வாதத்தைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும்.

தொட்டி ஹீட்டர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 60 பாகையில் உள்ள 25 லிட்டரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்து 40 பாகைக்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 66 லிட்டர் வரும். நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிப்பதே பல வீடுகளில் வழக்கம். இருபது லிட்டரில் குளிப்பவர்களாக இருந்தால் மூன்று பேர் சுகமாகக் குளிக்கலாம். நிமிடத்துக்கு ஏழு லிட்டர் கொட்டும் பூவாளியைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறவராக இருந்தால், ஒன்பது நிமிடத்தில் ஒருவரே அவ்வளவையும் தீர்த்துவிடுவார். பிறகு, இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையைச் சாத்திவிட்டு, நாள் முழுதும் அடுப்பருகே நின்று முதுகு வலிக்க வரும் சமையற்காரருக்குப் பச்சைத் தண்ணீர்தான். இன்னொரு தொட்டி சூடாக இன்னும் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். சோர்ந்து வந்த மனிதர் காத்திருக்க மாட்டார். இங்கே நஷ்டப்பட்டவர் வீட்டுக்காரர் அல்லர். பில்லில் இந்த நஷ்டம் ஏறவும் ஏறாது. முன்னவர் செலவழித்தது தம் பங்கை அன்று, அடுத்தவரின் ஹக்கை. விரயம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது: நாம் கொட்டுவதை இழப்பவர் நம் கண்முன் இருப்பதில்லை. அதனாலேயே யாருக்கும் நஷ்டமில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

கண்ணுக்கு இன்னும் தூரத்தில் உள்ள நஷ்டமும் உண்டு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுகிறது. நவீன நிலையங்களிலும் அந்த எரிவாயுவின் வெப்பத்தில் பாதியளவே மின்சாரமாகிறது. மீதி வீணாய்ப் போகிறது. வெப்பத்தை மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுவந்து, மறுபடி வெப்பமாக்கித் தண்ணீரில் விடுகிறோம். ஒரு யூனிட்டை விரயம் செய்தால் இரண்டு யூனிட் அளவு எரிபொருளை விரயம் செய்தவர்களாகிறோம். தண்ணீருக்கும் இந்தத் தீவில் பஞ்சம் தெரியாததன்று. 1963-இல் வறட்சி வந்தபோது பங்கீடு முறையில் தண்ணீர் விட்டார்கள். வாளியோடு வரிசையில் நின்ற முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் குழாயைத் திறக்கும் விதமே வேறு.

இவ்வளவு சொன்னதும், "இந்த ஊர் வெயிலுக்கு வெந்நீர் எதற்கு? அடியோடு நிறுத்திவிட்டால் தொல்லை விட்டது" என்று ஒரு முதலாளி எழுந்து சொல்லக்கூடும். அவருக்கும் நாம் உடன்பட முடியாது. சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. தன் உபயோகத்தைத் தான் குறைப்பது சிக்கனம். பிறர் தேவையைத் தான் வெட்டுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பது ஏமாற்று. பிள்ளை பெற்ற தாய்க்கும், மூட்டுவலிக்காரருக்கும், காய்ச்சலில் கிடப்பவருக்கும், மார்கழி மழையில் நனைந்து வரும் சாமான் இறக்கும் தொழிலாளிக்கும் வெந்நீர் ஆடம்பரமன்று. தம் வீட்டுக் குளியலறையில் தடையில்லாமல் வெந்நீர் வைத்துக்கொண்டு, பணியாளர் தங்கும் வீட்டில் மட்டும் ஹீட்டர் சுவிட்சைக் கழற்றி வைக்கும் முதலாளியின் கணக்கு எந்தத் தராசிலும் நேராக நிற்காது. அளவு என்பது இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மறுபுறம், தேவையில்லாத இடத்தில் தேவை என்று பெயர் சொல்வதும் நடக்கிறது. சுபுஹு நேரத்தில் ஒளுச் செய்ய வெந்நீர் வேண்டுமென்று 25 லிட்டர் தொட்டியைச் சூடாக்குகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று லிட்டர் போதுமான காரியத்துக்குப் பத்து மடங்கு. இந்த ஊரில் குழாய்த் தண்ணீர் விடியற்காலையிலும் 27, 28 பாகையில்தான் இருக்கிறது. பனிக்கட்டி உடைத்து எடுக்கும் நாடல்ல இது. உடல்நலம் இல்லாதவர் கெண்டியில் சிறிது சுடவைத்துக் கலந்துகொள்ளட்டும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களின் கடமையைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சு எழுவதே குறைவு. ஆகையால் இங்கே கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பதினைந்து வருடத்துப் பழைய பெட்டியைச் சுவரில் விட்டுவிட்டு, பில் ஏறிவிட்டது என்று குடியிருப்பவரை ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டைத் துண்டிக்கும் கருவி பழுதானால் விளக்கு அணையவே அணையாது; தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். அது குடியிருப்பவரின் ஊதாரித்தனமன்று, வீட்டுக்காரரின் அலட்சியம். தொட்டியின் பாதுகாப்பு வால்விலிருந்து சூடாகும் நேரத்தில் சில சொட்டு விழுவது இயல்பு. எந்நேரமும் சொட்டினால் சூடேறிய தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதென்று பொருள். இதைக் கண்டவுடன் சொல்வது குடியிருப்பவரின் கடமை, கேட்டவுடன் ஆள் அனுப்புவது வீட்டுக்காரரின் கடமை. "சொன்னால் என் தலையில் கட்டிவிடுவார்" என்று அவர் மறைப்பதும், "சொல்லாதவரை எனக்கென்ன" என்று இவர் இருப்பதும் சேர்ந்து, மூன்று வெள்ளி ரப்பர் வளையத்தால் தீரும் காரியத்தை முன்னூறு வெள்ளிச் சண்டையாக்கிவிடுகின்றன. வாடகை வீடு குடியிருப்பவர் கையில் ஓர் அமானிதம். குடியிருப்பவரின் உயிர் வீட்டுக்காரர் கையில் அதைவிடப் பெரிய அமானிதம்.

உயிர் என்று சொன்னது மிகைப்பேச்சன்று. தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கும் இடம் அது. 1985-க்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இல்லாமல் இருந்தது. எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலையில் எல்லாக் குடியிருப்புகளுக்கும் இதைக் கட்டாயமாக்கி, 2025 ஜூலை 1 வரை தவணை கொடுத்தது. தவணை முடிந்துவிட்டது. தம் பழைய வீட்டில் அது இருக்கிறதா என்று இதுவரை பார்க்காத வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் பார்க்கட்டும். ஹீட்டரைச் சாதாரண மூன்று கால் பிளக்கில் மாட்டுவதும் கூடாது. 3 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் 13 ஆம்பியர், அந்தப் பிளக் தாங்கும் கடைசி எல்லை. தனிக் கம்பியும் தனி சுவிட்சும் போட்டு, உரிமம் பெற்ற மின்வேலைக்காரர் மாட்ட வேண்டும். ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கத் தெரிந்த பையனைக் கூப்பிட்டு மாட்டச் சொல்வது சிக்கனத்தில் சேராது. அதேபோல் தொட்டிச் சூட்டை 40 பாகைக்கு இறக்கி வைப்பதும் தவறான சிக்கனம். இளஞ்சூட்டில் தேங்கிய நீர் நோய்க்கிருமிகளுக்கு உகந்த இடம். 60 பாகை வரை சூடாக்கி, குளிக்கும்போது கலந்துகொள்வதே முறை.

பல பேர் சேர்ந்து பில்லைப் பங்கிடும் வீடுகளில் எழும் கேள்வி இன்னும் நுட்பமானது. ஒருவர் பச்சைத் தண்ணீரிலேயே குளிக்கிறார். மற்ற நால்வரும் வெந்நீர். பில் ஐந்தாகப் பிரிகிறது. நியாயமா? கூட்டு வியாபாரத்தில் முதலுக்குத் தக்க லாபம் பிரிக்கிறோமே, இங்கே உபயோகத்துக்குத் தக்கச் செலவைப் பிரிக்க வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வி சரி. ஆனால் குளியலறை வாசலில் கடிகாரத்தோடு ஓர் ஆளை உட்கார வைத்தால் அந்த வீட்டில் மனிதர்கள் இருக்க முடியாது. நம் அபிப்பிராயம் இது: மாதம் ஐந்தாறு வெள்ளி வித்தியாசத்தைச் சிநேகிதத்தின் பேரில் விட்டுவிடலாம். விடுகிறவர் தாமே விட வேண்டும்; மற்றவர்கள் அதைத் தம் உரிமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒருவர் வாய் திறந்து கேட்டுவிட்டால், ஹீட்டர் செலவை மேலே சொன்ன கணக்குப்படி தனியே மதிப்பிட்டு நால்வருக்குள் பிரித்துக்கொள்வதே கௌரவம். கேட்டதற்காக அவரைச் சில்லறை மனிதர் என்று பரிகசிப்பது நியாயமாகாது. கடையில் பத்துக் காசு குறைந்தால் கல்லாவை இரண்டு முறை எண்ணுகிறவர்கள்தாமே நாமும்!

இவ்வளவு வழக்குக்கும் இடம் தராமல் இருக்க ஒரு வழியுண்டு. அறையோ வீடோ பேசும் அன்றே, மின்சாரம் தண்ணீர் எத்தனை வெள்ளி வரை வாடகையில் அடக்கம், அதற்கு மேல் போனால் யார் கட்டுவது, ஹீட்டர் பழுதானால் யார் செலவு, எத்தனை நாளில் பார்க்க வேண்டும் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது. சிங்கப்பூரில் ஒப்பந்தத்துக்கு, கையெழுத்தான பதினான்கு நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது தெரிந்ததே. வழக்கமான ஒப்பந்தங்களில் சிறு பழுதுகள் ஒரு குறிப்பிட்ட தொகை வரை குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். ஹீட்டர் அந்த வரிக்குள் வருகிறதா இல்லையா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்குள் எழுத்து எதற்கு, வாய் வார்த்தை போதாதா என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒன்று மட்டும் நினைவூட்டலாம்: அவர்கள் கடையில் கடன் பேரேடு முதலில் சொந்தக்காரர் பெயரில்தான் தொடங்குகிறது.